டிவி இல்லாத வீட்டு ரிமோட்

எங்கள் கட்டிடத்தில் நான்கு வீடுகள், மூன்று டிவி, ஒரே ஒரு டிஷ். அந்த மூன்று டிவியையும் ஆட்டிப் படைத்த ரிமோட் இருந்ததோ டிவியே இல்லாத நான்காவது வீட்டில். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் கூடப் பிறந்த தங்கையே, கதை விடுவதற்கு ஓர் அளவு வேண்டாமா என்று கேட்டாள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

கீழ்த்தளத்தில் கட்டிடத்தின் சொந்தக்காரி, நாங்கள் ஓனரம்மா என்போம். முதல் மாடியில் பஸ் ஓட்டும் டிரைவர் அண்ணன், அவர் குடும்பம். இரண்டாம் மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். எங்களுக்கும் மேலே, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஓர் ஒற்றை அறை. அதில் குடியிருந்தவர் பேக்கரி அக்கா. இந்தக் கதை அவருடையது. நான் நடுவில் நடுவில் என் புராணத்தைப் பாடினால் பொறுத்துக்கொள்ளுங்கள், வாய் சும்மா இருக்காது.

ஆளுக்கு ஒரு டிஷ் வைக்க ஓனரம்மா சம்மதிக்கவில்லை. ஒவ்வொருவரும் தளத்தில் ஓட்டை போட்டு போல்ட் இறக்கினால் மழைக்கு மொத்தமும் ஒழுகும் என்பது அவர் கட்சி. ஒன்று வையுங்கள், பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அவரே ஒரு மெக்கானிக்கையும் வரவழைத்தார்.

மெக்கானிக்கின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால். ஐம்பதை நெருங்கும் வயது, ஏறிக்கொண்டே போகும் நெற்றி, சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக டெஸ்டர். மனைவி தவறி வெகு காலமாகிவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கடைக்குப் பின்புறமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு தனியாக இருந்தார். பேச்சு எண்ணி எண்ணித்தான் வரும். ஆனால் டிஷ்ஷைப் பற்றிக் கேட்டால் மட்டும் மடை திறந்துவிடும்.

அன்றைக்கு எங்களை வெயிலில் நிற்க வைத்துப் பாடமே எடுத்தார். வானத்திலிருந்து வரும் சேனல்களில் பாதி நிமிர்ந்து வருமாம், பாதி படுத்து வருமாம். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு ஒரு நேரத்தில் ஒரு பாதியைத்தான் பிடிக்கும். எதைப் பிடிக்க வேண்டும் என்று மூக்குக்குச் சொல்வது வீட்டில் டிவியோடு மாட்டும் செட்டாப் பெட்டி. பிறகு ஒரு ஒயரை நான்காகப் பிரிக்கும் சின்ன இரும்புத் துண்டைக் காட்டினார். ஸ்ப்ளிட்டர். அதன் நான்கு வாய்களில் ஒன்றின் வழியாக மட்டும்தான் மூக்குக்குக் கரண்ட் போகும். அந்த வாயில் மாட்டிய பெட்டிதான் ராஜா. ராஜா நிமிர்ந்த பாதியைக் கேட்டால் எல்லா வீட்டுக்கும் நிமிர்ந்த பாதிதான். ராஜா அணைந்து போனால் எல்லா வீடும் அம்போ.

அவ்வளவுதான், ரணகளம் ஆரம்பித்தது. டிரைவர் அண்ணன் உயிராகப் பார்க்கும் விளையாட்டுச் சேனல் நிமிர்ந்த பாதியில். என் சீரியல் படுத்த பாதியில். ஓனரம்மாவுக்கு பாதிக்கு ஒரு செய்திச் சேனல் உண்டு. அவருக்கு எதுவாக இருந்தாலும் சரிதான். ஆனாலும் ராஜா பெட்டி தன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அவரும் ஒற்றைக் காலில் நின்றார். டிரைவர் அண்ணனோ, நாள் முழுக்கப் பஸ் ஓட்டிவிட்டு வருபவனுக்கு இதுகூடக் கிடையாதா என்றார். பஸ்ஸை உட்கார்ந்துகொண்டுதானே ஓட்டுகிறீர்கள் என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பேச்சு வளர்ந்தது.

அந்த நேரம் பார்த்துப் பேக்கரி அக்கா வேலை முடிந்து படியேறி வந்தார். கையில் பை, புருவத்தில் மாவு. எங்களை விலக்கிக்கொண்டு தன் அறைக்குப் போகப் பார்த்தார். ஓனரம்மா நிறுத்தி, நீ எந்தச் சேனல் பார்ப்பாய் என்று கேட்டார்.

"என்கிட்ட டிவியே இல்லயேம்மா" என்றார் அக்கா.

எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது அன்றைக்கு ஒரு தடவைதான். டிவி இல்லாதவருக்கு எந்தச் சேனலும் வேண்டாம். எந்தச் சேனலும் வேண்டாதவர் யார் பக்கமும் சாயமாட்டார். டிஷ்ஷும் அவர் கதவுக்கு வெளியேதான் நிற்கிறது. மெக்கானிக் தன் கடையில் கிடந்த ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து அக்காவின் அறையில் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். சுவரில் ஸ்ப்ளிட்டர், அதிலிருந்து மூன்று ஒயர் கீழே எங்கள் வீடுகளுக்கு. ரிமோட்டை அக்கா கையில் கொடுத்து, இந்த எண்ணை அமுக்கினால் நிமிர்ந்தது, இந்த எண்ணை அமுக்கினால் படுத்தது என்று விளக்கினார். அக்கா ஒன்றை அமுக்கிப் பார்த்தார். பெட்டியின் நெற்றியில் சிவப்பாக எண் மாறியது. அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை மெக்கானிக் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அக்காவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, இரண்டு தம்பிகளை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். படிக்க வைத்தார், வேலை தேடிக் கொடுத்தார், கல்யாணம் செய்து வைத்தார். இதற்குள் அவருக்கு யாராவது மாப்பிள்ளை பார்க்க வேண்டிய வயது ஓடிப்போனது. கடைசித் தம்பி தனிக்குடித்தனம் போகும்போது வீட்டு டிவியையும் தூக்கிக்கொண்டு போனான். அவனுக்கு அது இல்லாமல் சாப்பாடு இறங்காது என்று அக்காவே சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு புதிதாக ஒன்று வாங்கவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். ஒருத்திக்காக எதற்கு அதைப் போட்டுக்கொண்டு என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தத் தம்பிகளை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும்போல இருந்தது.

விடிவதற்கு முன்பே பேக்கரிக்குப் போவார். மாவு பிசையும் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது கொஞ்சம் மந்தம். மத்தியானம் திரும்புவார். அவர் படியேறினால் மூன்று மாடிக்கும் ரொட்டி வாசனை வரும். வந்து குளித்து, துணி துவைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார். பெட்டி வருவதற்கு முன்னால் அந்தக் கதவு வழியாகக் காற்றைத் தவிர யாரும் உள்ளே போனதில்லை.

பெட்டி வந்த பிறகு கூட்டம் தாங்கவில்லை. சாயங்காலம் ஆனால் நானும் டிரைவர் அண்ணனும் போட்டி போட்டுக்கொண்டு படியேறுவோம். அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். கேட்ட உடனே மாற்றமாட்டார். கடைசியாகப் பார்த்ததில் என்ன நடந்தது என்று இரண்டு பேரும் சொல்ல வேண்டும். யார் சொல்வதில் சூடு அதிகமோ அவருக்கு அன்றைய சாயங்காலம். காது மந்தம் என்பதால் கத்திச் சொல்ல வேண்டும். நான் சீரியல் மாமியாரின் சூழ்ச்சியைக் கத்திச் சொல்வேன், டிரைவர் அண்ணன் கால்பந்தில் விழுந்த கடைசி நிமிடக் கோலைக் கைகாலை வீசி நடித்துக் காட்டுவார். ஒருமுறை அவர் உதைத்த உதையில் அக்காவின் வாளி உருண்டுபோனது. வாளியை எடுத்து வைத்துவிட்டு அக்கா அவருக்கே சாயங்காலத்தைக் கொடுத்தார்.

தோற்றுவிடக் கூடாது என்று நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு சேர்க்க ஆரம்பித்தேன். சீரியலில் இல்லாத ஒரு தீ விபத்தைக்கூட வைத்தேன். அக்கா விடவில்லை. அந்த வீட்டைத்தான் போன மாசம் விற்றுவிட்டார்கள் என்றாயே, எப்படித் தீப்பிடித்தது என்று மடக்கினார். ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமல் கதை முழுவதையும் என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். அந்த மாமியார் குண்டா ஒல்லியா என்று மட்டும் அடிக்கடி கேட்பார். என் வீட்டுக்கு வந்து பாருங்களேன் என்று கூப்பிட்டேன். நீ சொல்வதுதான் நன்றாக இருக்கிறது என்று வர மறுத்துவிட்டார். இதைவிடப் பெரிய பாராட்டை என் வீட்டுக்காரர்கூட எனக்குக் கொடுத்ததில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் டிஷ்ஷுக்கு நோய் வந்தது. திடீர் திடீரென்று மூன்று வீட்டிலும் படம் போய்விடும். மெக்கானிக்குக்குப் போன் பறக்கும். அவர் வந்து சில நேரம் டிஷ்ஷை ஒரு விரல் அளவு திருப்பி நட்டை இறுக்குவார், சில நேரம் அக்காவின் அறைக்குள் ஸ்ப்ளிட்டரில் கழன்றிருக்கும் ஒயரைத் திருகுவார். வேலை சட்டென்று முடிந்துவிடும். டீ மட்டும் முடியாது. அவர் அக்காவை மேடம் என்பார், அக்கா அவரை சார் என்பார். பேக்கரியிலிருந்து அக்கா கொண்டு வரும் கேக்கில் ஓரத் துண்டு ஒன்று எப்போதும் தட்டு போட்டு மூடியிருக்கும். ஓரம்தான் அவருக்குப் பிடிக்குமாம். இதெல்லாம் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நான் துணி காயப்போடப் போகும்போது தெரிந்துகொண்டது. துணி அந்தக் காலத்தில் எனக்கு அடிக்கடி காய்ந்தது.

கொஞ்ச நாள் கவனித்ததில் ஒன்று பிடிபட்டது. கொட்டும் மழையில் படம் போனதில்லை. பெரும்பாலும் அக்காவுக்கு வார லீவு விழும் நாளாகப் பார்த்துப் போகும். அறைக்குள் சுவரில் இருக்கும் ஒயர் எப்படிக் கழலும் என்று ஓனரம்மா ஒருமுறை கேட்டதற்கு, காற்றில் கழன்றிருக்கும் என்று அக்கா முகம் மாறாமல் சொன்னார். மூடிய அறையில் என்ன காற்று? அன்றைக்கு அவர் இஸ்திரி போட்ட உடை உடுத்தியிருந்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. ஆனாலும் கடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அந்த மனுஷி தனக்கென்று ஆசைப்பட்டது அந்த ஒரு டீ நேரத்துக்குத்தான். அதையும் நான் கெடுத்தால் எனக்கு நல்ல கதி கிடைக்காது.

ஆனால் ஓனரம்மாவுக்குப் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. இன்னொரு தடவை படம் போனால் இந்த மெக்கானிக்கை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடப்போவதாக வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார். டிரைவர் அண்ணனும் ஆமாம் போட்டார். அறிவிப்பு வந்த நேரத்தில் அக்கா பேக்கரியில் இருந்தார். அவர் காதில் அது விழவில்லை.

அடுத்த லீவு நாள். பெரிய கால்பந்து இறுதி ஆட்டம். டிரைவர் அண்ணன் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, வீடு நிறைய ஆளை உட்கார வைத்திருந்தார். அந்தச் சாயங்காலம் அவருக்குத்தான் என்று நானே விட்டுக்கொடுத்திருந்தேன். காலையிலிருந்து நல்ல காற்று. ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் மூன்று வீட்டிலும் படம் போயிற்று.

மெக்கானிக் வந்து சேருவதற்குள் மொட்டை மாடியில் எல்லாரும் கூடிவிட்டோம். அவர் நேராக டிஷ்ஷிடம் போனார். எதையும் தேடவில்லை. குனிந்தார், பின்னால் இருந்த நட்டைப் பிடித்தார், டிஷ்ஷைப் பழைய இடத்துக்குத் திருப்பி இறுக்கினார். படம் வந்துவிடும், போய்ப் பாருங்கள் என்றார். டிரைவர் அண்ணன் கீழே ஓடினார். ஓடின வேகத்திலேயே திரும்பி வந்தார். வரவில்லை.

மறுபடி குனிந்தார். அங்கே இங்கே அசைத்தார். வரவில்லை. கீழேயிருந்து சொந்தக்காரர்கள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். ஓனரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வேலை தெரியாத ஆளை வைத்துக்கொண்டு இத்தனை நாள் மாரடித்தேன் என்றார். வேலை தெரியாத ஆள் என்றதும் அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வேலை தெரியும்மா. நட்டு மட்டும்தான் லூஸு. அதை நான்தான் லூஸா விட்டுட்டுப் போனேன். அதை இறுக்கியாச்சுன்னா வந்தே ஆகணும். வேற ஒண்ணும் நான் செய்யலயே" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

எனக்கே தலை சுற்றியது. அக்காதான் ஒயரைக் கழற்றுகிறார் என்று நினைத்திருந்தேன். இவர் நட்டைத் தளர்த்திவிட்டுப் போய், அடுத்த நல்ல காற்றுக்குக் காத்திருந்திருக்கிறார். என் கண்ணுக்கும் ஒன்று தப்பியிருக்கிறது.

ஓனரம்மா வாயைத் திறந்தார். இனி இந்தப் படியில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லத்தான் திறந்தார், அது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. அதற்குள் கதவருகே நின்றிருந்த அக்கா முன்னால் வந்தார்.

"ஒயரைப் பாருங்க சார். அதைக் கழட்டினது நான்" என்றார்.

அக்கா ஓனரம்மாவைப் பார்த்து, இன்றைக்கு மட்டும் இல்லை, பல தடவை கழற்றியிருக்கிறேன் என்றார். இன்றைக்குக் காற்றிலேயே படம் போய்விட்டது அவருக்குத் தெரியாதாம். டிவி இருந்தால்தானே தெரியும்? போன படத்தை அவர் இன்னொரு தடவை போக வைத்திருக்கிறார். மெக்கானிக் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் ஒயரைத் திருகினார். கீழே முதல் மாடியில் ஹோவென்று சத்தம் கேட்டது. டிரைவர் அண்ணன் ஆட்டத்தை மறந்துவிட்டு அங்கேயே நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓனரம்மா கெட்டவர் இல்லை. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து தன்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்ற கோபம் அவருக்கு. இதற்கு ஒரு நிரந்தர வழியே கிடையாதா என்று கேட்டார். உண்டு என்று மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான்கு வாய் உள்ள மூக்கு இருக்கிறதாம். அதை மாட்டினால் ஒரே டிஷ்ஷிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஒயர் போகும், யாரும் யாரையும் கேட்க வேண்டாம், ராஜாவும் வேண்டாம். ஒயர் எல்லாம் ஏற்கெனவே மேலே வந்து கிடப்பதால் வேலை ஒன்றுமே இல்லையாம்.

இதை ஏன் இவ்வளவு நாளாகச் சொல்லவில்லை என்று ஓனரம்மா கேட்டார்.

"சொல்லியிருந்தா அப்புறம் யாரும்மா என்னைக் கூப்பிடப் போறாங்க?" என்றார் மெக்கானிக்.

மறுநாளே வந்து மாட்டிவிட்டார். அக்கா பேக்கரிக்குப் போயிருந்த நேரம். ஓனரம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு நட்டையும் தானே பிடித்து ஆட்டிப் பார்த்தார். மெக்கானிக் போன பிறகு என் டிவியில் சீரியல் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது, எப்போது வேண்டுமானாலும் வந்தது. டிரைவர் அண்ணனும் கதவைச் சாத்திக்கொண்டு ஆட்டம் பார்த்தார். புயலே அடித்தாலும் படம் அசையவில்லை.

ஒரு வாரத்துக்குள் எனக்குச் சலித்துவிட்டது. யாருக்கும் சொல்லத் தேவையில்லாத கதையை எதற்குப் பார்ப்பது? துணி காயப்போடப் போனேன். அக்கா கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். ஃப்ரிட்ஜ் மேல் பெட்டி அணைந்து கிடந்தது. மாமியார் சிறைக்குப் போய்விட்டாள் என்று கத்திச் சொன்னேன். ம் என்றார். குண்டா ஒல்லியா என்று கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்கு லீவு. இஸ்திரி போடாத உடையில் இருந்தார். தட்டு போட்டு எதுவும் மூடியிருக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மெக்கானிக் மேல், ஓனரம்மா மேல், நான்கு வாய் மூக்கைக் கண்டுபிடித்த புண்ணியவான் மேல், எல்லாரையும்விட இந்த அக்கா மேல். தம்பிகளுக்கு ஓடி ஓடிச் செய்யத் தெரிந்தது, தனக்கென்று வாயைத் திறந்து ஒன்று கேட்கத் தெரியவில்லையா என்று பொரிந்து தள்ளினேன். காது மந்தம் என்பதால் கத்த வேறு வேண்டியிருந்தது. கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும்.

"கூப்பிடறதுக்கு இப்ப ஒரு காரணமும் இல்லயேம்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா. பிறகு எழுந்து உள்ளே போய், முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு வந்து, கூட வருகிறாயா என்று என்னைக் கேட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. துணியை வாளியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நேராகப் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போனோம். கடையில் மெக்கானிக் ஒரு பெட்டியைக் குடல் உருவிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் அதன் சொந்தக்காரர் காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மெக்கானிக் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. என்ன ரிப்பேர், மறுபடி படம் போய்விட்டதா என்று பதறினார். அக்கா கடைப் படியில் ஏறாமல் தெருவிலேயே நின்றார். ஆனால் குரல் நடுங்கவில்லை.

"எங்க வீட்டுல ஒண்ணும் ரிப்பேர் இல்ல சார். எல்லாம் நல்லா ஓடுது. இருந்தாலும் வர்றீங்களா?"

மெக்கானிக் எதிரில் இருந்தவரிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அந்த மனிதர் என்னவோ முணுமுணுத்தார், இவர் காதில் வாங்கவில்லை. திறந்து போட்ட பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பட்டப்பகலில், நல்ல வியாபார நேரத்தில், ஷட்டரை இழுத்துப் பூட்டினார். நடுத்தெருவில் நின்று அழுதது நான் மட்டும்தான்.